யசோதா 9.48-க்கு இறந்துவிட்டாள்!

"ஐயோ...!"

சனிக்கிழமை காலை பத்தரை மணி. காளவாய் காலனியின் மூன்றாவது சந்தில் எழுந்த அந்த அலறல், குழாயடியில் நின்றிருந்த அத்தனை பேரையும் குடமும் கையுமாக ஓடி வர வைத்தது.

அலறியவள் யசோதா.

வயது நாற்பத்து மூன்று. காக்ஸ் டவுனில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பிள்ளை கிடையாது. அவளுக்கென்று உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ஷீட் வீடு. கதவில் சிவப்பு பெயிண்டில் 44 என்று எழுதிய வீடு.

அந்த வீட்டுக்குள் இப்போது...

கேத்தரின் கிடந்தாள்!

பக்கத்து வீட்டு கேத்தரின். நம்பர் 45. தரையில் மல்லாந்து, கண்கள் திறந்தபடி. கொடியில் உலர்ந்துகொண்டிருந்த யசோதாவின் நீலப் புடவை அவள் கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது.

"கேத்தரின்க்கா... எழுந்திருங்கக்கா..."

எழுந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. கன்னடக்காரர். ஆனால் தமிழர்கள் நிறைந்த கன்டோன்மென்ட் ஸ்டேஷன்களிலேயே இருபது வருடம் குப்பை கொட்டியதில் தமிழ் சரளமாக வரும். கோபம் வந்தால் மட்டும் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"ஒன் வீடு?"

"ஆமா சார்."

"ஒன் புடவை?"

"ஆமா சார்..."

"பாடி மட்டும் பக்கத்து வீட்டுது. ஏனம்மா இது?"

"அவங்களை என் வீட்ல நான்தான் சார் உக்கார வெச்சிட்டுப் போனேன்."

"எதுக்கு? வீட்ல தங்கம் வெச்சிருக்கியா, காவல் காக்க?"

யசோதா பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொடுதிரை டேப், முகம் முழுக்கக் கலவரம். சங்கமித்ரா. நகர் மறுவாழ்வு முகமையின் களப்பணி அதிகாரி.

"நான் சொல்றேன் சார். இந்தக் காலனிய எங்க முகமை எடுத்துக் கட்டப் போகுது. இங்க சாக்கடை கிடையாது. மழை பேஞ்சா முழங்கால் தண்ணி. மொத்தத்தையும் இடிச்சிட்டு, இதே இடத்துல நாலு மாடி. வீட்டுக்கு ஒரு ஃபிளாட், பொம்பளைங்க பேர்லதான் பத்திரம். இன்னிக்குக் கடைசி சரிபார்ப்பு. எட்டுலேர்ந்து பத்து மணிக்குள்ள ஒவ்வொரு வீடாப் போய்ப் பாப்போம். ஆள் இருந்தா டிக் போடுவோம்."

"பூட்டியிருந்தா?"

"வெளியாளுக்கு வாடகைக்கு விட்டிருக்காங்கன்னு எடுத்துக்குவோம். லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுவோம்."

"வேலைக்குப் போயிருந்தா?"

சங்கமித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். "ரூல் அப்படி சார்."

ரூல் போட்டவர் எவரும் காலை எட்டு மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போனவரில்லை. வேறென்ன சொல்ல!

"அதனாலதான் சார்..." யசோதா விசும்பினாள். "நாங்க ஒருத்தர் வீட்ல ஒருத்தர் போய் உக்காந்துக்குவோம். காலனி முழுக்க இதே கதைதான். அவங்க வீட்ல பையன் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கறான். அதான் எனக்காக வந்து உக்காந்தாங்க. யாராச்சும் வந்து கேட்டா 'நான்தான் யசோதா'ன்னு சொல்லிடுங்கக்கான்னு... நான்தான் சார் சொல்லிக் குடுத்துட்டுப் போனேன்."

"நேத்து சாயந்திரம் ரெண்டு பேருக்கும் குழாயடில சண்டையாமே?"

"தண்ணிக்குச் சண்டை போடாத வீடு இந்தச் சந்துல எது சார்?"

"காலைல ஒன்பதுலேர்ந்து பத்து வரைக்கும் எங்க இருந்தே?"

"நான் வேலை செய்யற மூணாவது வீட்ல. அந்தம்மா ஊர்ல இல்ல, சாவி என்கிட்டதான். தனியாத்தான் வேலை செஞ்சேன்."

"சாட்சி?"

"அவங்க வீட்டு மீன் தொட்டிதான் சார்."

கோவிந்தப்பா சிரிக்கவில்லை. மரணம் ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்காலுக்குள் என்று போலீஸ் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீடும் இவளுடையது, புடவையும் இவளுடையது, சண்டையும் இவளுடையது. கேஸ் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் போல இருந்தது.

"மேடம், இவளோட விவரம் எல்லாம் உங்க டேப்ல இருக்குமே? எடுங்க."

சங்கமித்ரா 44 என்று தட்டினாள்.

திரை சிவப்பானது.

இரண்டாவது முறை தட்டினாள். மறுபடியும் சிவப்பு!

"இன்னா மேடம்? இன்னா எழுதியிருக்கு?"

"அக்கா..."

"சொல்லுங்க மேடம், பயமா கீது!"

"நீங்க... செத்துட்டீங்கன்னு எழுதியிருக்கு."

கோவிந்தப்பா டேபைப் பிடுங்கினார். வாய்விட்டுப் படித்தார்.

"பயனாளி எண் 44. பெயர் யசோதா. நிலை: இறந்துவிட்டார். வாரிசு: இல்லை. பதிவு நேரம் காலை 9.48..."

யசோதா தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். வலித்தது.

"நல்லா இருக்கு தாயி!" என்றார் கோவிந்தப்பா. "என் கணக்குல நீ கொலைகாரி. கவர்ன்மென்ட் கணக்குல நீ பொணம். ரெண்டுல ஏதாவது ஒண்ணாத்தான் இருக்க முடியும்."

"சார்!" சங்கமித்ராவின் குரல் கிறீச்சிட்டது. "மணியைப் பாருங்க! 9.48!"

"அதுக்கென்ன?"

"அக்கா கத்தினது பத்தரைக்கு. அதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்குள்ள ஒரு பொம்பளை செத்துக் கிடக்கறது யாருக்குமே தெரியாது. அப்படின்னா 9.48-க்கே 44-ம் நம்பர் வீட்டுக்காரி செத்துட்டான்னு பதிவு பண்ணது..."

கோவிந்தப்பாவின் புருவம் உயர்ந்தது.

"கொன்னவன்!"

சந்தில் நின்ற அத்தனை தலைகளும் 44-ம் நம்பர் கதவுப் பக்கம் திரும்பின.

"அவன் தேடி வந்தது என்னை..." யசோதா கதவைப் பிடித்துக்கொண்டாள். "யசோதாவான்னு கேட்டிருப்பான். அவங்க ஆமான்னு சொல்லியிருப்பாங்க. ஐயோ... என் சாவை அவங்க வாங்கிக்கிட்டாங்களே!"

அவள் அழுது ஓயும் வரை கோவிந்தப்பா காத்திருந்தார். போலீஸ்காரர்தான், ஆனாலும் மனுஷன்.

"உன்னை எதுக்கும்மா ஒருத்தன் கொல்லணும்? பாத்திரத்தைச் சரியா தேய்க்கலையா?"

"நேத்து இவங்க ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணேன் சார். பேரும் நம்பரும் கேட்டாங்க, சொன்னேன். எங்க சந்துல வீடு இருபத்திரெண்டு. இவங்க லிஸ்ட்ல முப்பத்தொண்ணு! மீதி ஒன்பது வீடு எங்க? காத்துல கட்டி வெச்சிருக்காங்களா? ஒவ்வொரு கதவா எண்ணி நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், திங்கக்கிழமை பெரிய ஆபீஸ்ல கொண்டாந்து குடுக்கப் போறேன்னு சொன்னேன்."

"நோட்டு எங்க?"

யசோதா ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் புடவை இருந்தது. புருஷன் போட்டோ இருந்தது.

நோட்டு இல்லை!

"மேடம்..." கோவிந்தப்பா சங்கமித்ராவை நோக்கி மெல்லத் திரும்பினார். "ஹெல்ப்லைன் புகார் யாருக்கு வரும்?"

"இந்தக் காலனி வேலைய பாக்கற மூணு அதிகாரிகளுக்கு. இணை இயக்குநர் சந்தானம் சார். இன்ஜினியர் ஷ்ரேயாஸ். அப்புறம்..." கழுத்தில் தொங்கிய அட்டையைத் தொட்டாள். "நான்."

"காலைல மூணு பேரும் எங்க இருந்தீங்க?"

"இங்கதான் சார். கடைசி நாளு. ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டிருந்தோம்."

"சாவைப் பதிவு பண்ணது யார்னு இதுல தெரியாதா?"

"அதிகாரி விரல் வெச்சாத்தான் பதிவாகும். ஆனா யார் விரல்னு திரையில காட்டாது. சர்வர் வெச்சிருக்கற கம்பெனியைக் கேக்கணும். இன்னிக்கு அங்க லீவு. திங்கக்கிழமைதான்."

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் இந்தம்மா ஸ்டேஷன்ல இருக்கட்டும்."

"சார், லிஸ்ட் இன்னிக்கு அஞ்சு மணிக்கு அரசுக்குப் போயிடும்! பத்து மணியோட புதுப் பதிவு முடிஞ்சது. திருத்தம் மட்டும்தான் அஞ்சு வரைக்கும். அதுக்குள்ள அக்கா உயிரோட வரலன்னா இந்த வீடு போச்சு. வாரிசு இல்லாத வீட்டை முகமைக் கோட்டாவுல சேத்து வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"அதான் பத்து மணிக்கு முன்னாடி அவ்வளவு அவசரம்! ஆளையும் முடிச்சிட்டு, வீட்டையும் அமுக்கப் பாத்திருக்கான். கெட்டிக்காரன்!" கோவிந்தப்பா பல்லைக் கடித்தார். "சாவை ரத்து பண்ண முடியுமா?"

"முடியும். ஆனா..."

"ஆனா?"

"பதிவு பண்ண அதே விரல்தான் வெக்கணும்."

கோவிந்தப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். காலையிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"மூணு டேபும் இப்பவே என் கைக்கு வரணும். உங்களோடது முதல்ல."

பிணத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, மூன்று டேபையும் வாங்கிச் சேர்ப்பதற்குள் மாலை நாலு இருபது.

முகமையின் முகாம் அலுவலகம் காலனி முனையில், சமுதாயக் கூடத்தில். சுவரில் வரப்போகும் நாலு மாடியின் பெரிய படம். படத்தில் பூங்கா இருந்தது, சறுக்கு மரம் இருந்தது. மனுஷர்கள்தான் ஒருவர் கூட இல்லை.

மேஜைக்குப் பின்னால் இணை இயக்குநர் சந்தானம். ஐம்பத்திரண்டு வயது. நெற்றியில் துளி சந்தனம். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் என்று ஊரே சொல்லும். கேத்தரினுக்கு மாலை வாங்கி அனுப்பியவர் அவர்தான்.

"பாவம் இன்ஸ்பெக்டர். ரொம்ப ஏழைப்பட்ட ஜனங்க. இவங்களுக்காகத்தான் ராப்பகலா பாடுபடறோம். என்ன உதவி வேணும், சொல்லுங்கோ."

"ஒரு விரல் போதும் சார்."

சந்தானத்தின் புன்னகை ஒரு விநாடி அப்படியே நின்றது.

"புரியலையே?"

"புரிய வைக்கறேன்." கோவிந்தப்பா ஒரு டேபை மேஜை நடுவில் வைத்தார். திரையில் சிவப்பு எழுத்து. "இந்த யசோதா அம்மாவை 9.48-க்கு உங்க மூணு பேர்ல ஒருத்தர் சாகடிச்சிருக்கீங்க. உயிர் குடுக்கணும். வரிசையா வாங்க."

"என்ன சார் இது, எங்க மேலயே சந்தேகமா?" குதித்தான் ஷ்ரேயாஸ். இருபத்தாறு வயது இன்ஜினியர். கூலிங்கிளாஸை நெற்றிக்கு மேலே தூக்கி வைத்திருந்தான்.

அவன் வலது கட்டை விரலில்...

ஒரு கட்டு!

"விரல்ல என்ன குரு?" என்றார், 'தம்பி' என்பதைக் கன்னட பாணியில்.

"தகரம் கிழிச்சிடுச்சு சார். காலைல ரெண்டாவது சந்துல."

"தகரமா... நகமா?"

"சத்தியமா தகரம் சார்!"

"கட்டை அவிழ்."

"வலிக்கும் சார்..."

"சும்னிரு! பேசாம அவிழ்டா!"

அவிழ்த்தான். நீளமான கிழிசல். அதற்குக் கீழே ரேகை பிழைத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை வைத்தான்.

பீப்...

'பொருந்தவில்லை.'

"நான்தான் சொன்னேனே சார்!" அழாத குறை.

"மேடம்?"

சங்கமித்ரா முன்னால் வந்தாள். காலையிலிருந்து தனக்காக வாதாடியவள் விரல் வைக்கப் போவதை யசோதா பார்த்துக்கொண்டே இருந்தாள். இவளாகவும் இருக்குமோ?

பீப்...

'பொருந்தவில்லை.'

யசோதா மூச்சு விட்டாள்.

"அப்ப... சார்?"

"நானா?" சந்தானம் மெல்லச் சிரித்தார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, சட்டம் எல்லாருக்கும் பொது."

எழுந்தார். டேபை இழுத்தார். நிதானமாக விரலை வைத்தார்.

பீப்...

'பொருந்தவில்லை.'

"திருப்திதானே?" சந்தானம் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "மெஷின் கோளாறா இருக்கும். இல்லேன்னா, டேபை யாராவது திருடியிருப்பா. காலனில திருட்டுக்கா பஞ்சம்? மணி நாலு நாற்பது ஆறது. நான் லிஸ்ட்டை அனுப்பணும்."

மூன்று பேரும் இல்லை!

கோவிந்தப்பா மீசையைத் தடவினார். வலை வீசினால் வெறும் வலைதான் திரும்பி வந்திருக்கிறது. மேலதிகாரி போனில் இரண்டு தரம் கேட்டாகிவிட்டது. மெல்ல யசோதா பக்கம் திரும்பினார்.

"வா தாயி. ஸ்டேஷனுக்குப் போலாம்."

"சார், அவங்க பண்ணல சார்!" சங்கமித்ரா கெஞ்சினாள்.

"வேற வழி சொல்லுங்க மேடம்."

யசோதா அசையவில்லை. வீடு போகிறது. ஜெயில் வருகிறது. வருகிற ஆத்திரத்துக்கு அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. சந்தானத்தின் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்... ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"பெரிய சார் எந்த விரலை வெச்சாரு?"

"ஏன்?"

"இடது கை மோதிர விரலை வெச்சாரு. நான் பாத்தேன். பேனா புடிக்கறது வலது கைல. வாட்ச் கட்டியிருக்கறது இடது கைல. விரல் மட்டும் எதுக்கு சார் இடது கைல?"

"எந்த விரல் வெச்சா என்னம்மா?" சந்தானத்தின் குரலில் முதல் முறையாகச் சூடு ஏறியது. "இன்ஸ்பெக்டர், இவகிட்டல்லாம் நான் பதில் சொல்லிண்டு இருக்கணுமா?"

"நீங்க சொல்ல வேணாம் சார், நான் சொல்றேன்." யசோதா இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். சோப்பும் சாம்பலும் தின்று வழுவழுத்துப்போன விரல்கள். "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு என் ரேகையே போச்சு. ரேஷன் கடையில மாசா மாசம் கட்டை விரலை வெப்பேன், எடுக்காது. அடுத்த விரலை வைம்பான். எடுக்காது. பத்து விரலையும் ஒண்ணொண்ணா வெப்பேன். ஏதாவது ஒண்ணு எடுத்தாத்தான் எனக்கு அரிசி. எங்களுக்கு ஒரு விரல் எடுக்கலன்னா பத்து விரல் கேக்கற கவர்ன்மென்ட், சாருக்கு மட்டும் ஒண்ணோட விட்டுடுமா?"



கோவிந்தப்பா சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ரேஷன் கடை ரூலு சூப்பர் ரூலு! சார்... பத்தையும் வைங்க."

"இது அவமானம்! நான் கமிஷனருக்கு போன் பண்ணுவேன்!"

"பண்ணுங்க. விரலை வெச்சிட்டுப் பண்ணுங்க."

"முடியாது!"

சந்தானம் கதவைப் பார்த்தார். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள். வலது கை தானாகப் பேன்ட் பாக்கெட்டுக்குள் நழுவியது. கோவிந்தப்பா அந்த மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் இப்போது கத்தினார், திமிறினார். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது.

மணி நாலு ஐம்பத்தொன்று.

சுண்டு விரல். 'பொருந்தவில்லை.'

மோதிர விரல். 'பொருந்தவில்லை.'

நடு விரல். 'பொருந்தவில்லை.'

ஆள்காட்டி விரல். 'பொருந்தவில்லை.'

சங்கமித்ரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். யசோதா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கட்டை விரல்...

டிங்!

சிவப்பு மறைந்தது. திரை முழுக்கப் பச்சை!

"மரணப் பதிவு ரத்து செய்யப்பட்டது!" சங்கமித்ரா கூவினாள். "பயனாளி எண் 44. பெயர் யசோதா. நிலை: உயிருடன்! அக்கா, வந்துட்டீங்க அக்கா!"

சந்தானம் நாற்காலியில் சரிந்தார். வேர்வையில் நெற்றிச் சந்தனம் கரைந்து மூக்கில் வழிந்தது.

"நோட்டைக் கேட்டுத்தான் போனேன்..." முனகினார். "பணம் தரேன்னேன். என்ன நோட்டுன்னே தெரியாதுன்னா. நடிக்கறாள்னு நெனைச்சேன். என்னைப் பிடிச்சுக்கிண்டு கத்தப் பாத்தா... யசோதாவான்னு கேட்டேனே... ஆமான்னாளே! அவளே சொன்னாளே, நான்தான் யசோதான்னு!"

"என் வீட்டுக்காகச் சொன்னாங்க!" யசோதா பாய்ந்தாள். இரண்டு கான்ஸ்டபிள்கள் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. "எனக்கு ஒரு கூரை நிக்கட்டும்னு சொன்னாங்க! குழாயடில நான் அவங்களை எவ்வளவு திட்டியிருப்பேன்... அதெல்லாம் மனசுல வெச்சுக்காம வந்து உக்காந்தாங்கடா பாவி!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் அழுதது போக மிச்சமிருந்த அழுகை மொத்தமும் இப்போது வந்தது. சங்கமித்ரா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

சந்தானத்தின் கார் டிக்கியைச் சோதித்த கான்ஸ்டபிள் ஒரு பழைய நோட்டோடு திரும்பி வந்தார். முதல் பக்கத்திலேயே யசோதாவின் கோணல் கையெழுத்து. மூன்றாவது சந்து, கதவு இருபத்திரெண்டு.

"ஒன்பது வீட்டை யார் யாருக்கு வித்தீங்கங்கறதை ஸ்டேஷன்ல ஆற அமரப் பேசலாம் சார். எழுந்திருங்க."

கைவிலங்கு கிளிக் என்றது.

மணி ஐந்து. சங்கமித்ரா லிஸ்ட்டை அனுப்பினாள். ஒன்பது பொய் வீடுகளுக்கும் எதிரே ஆட்சேபணை. 44-க்கு எதிரே பச்சை டிக்.

"மேடம்..." ஷ்ரேயாஸ் தயங்கித் தயங்கி வந்தான். "ஒரு சின்ன சிக்கல். இவங்க ஒதுக்கீட்டு ஆர்டர் காலைலயே டைப் ஆகி ரெடியா இருக்கு. ஆனா கீழ இணை இயக்குநர் கையெழுத்து வேணும். சார் இப்ப சீட்ல இல்லையே... அவரை எங்கன்னு போய்ப் பிடிக்கறது?"

சந்தானத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்த கோவிந்தப்பா திரும்பிப் பார்த்தார்.

"கவலையே படாத குரு! இனிமே பதினாலு வருஷத்துக்கு எப்பப் போனாலும் சார் சீட்லயேதான் இருப்பாரு!"